பதினோராவது புத்தகம்

ஜூலை 23, ஞாயிறு

விடாத சாரல். துவைத்த துணி மூன்றாம் நாளாகக் காயவில்லை. அறைக்குள் கயிறு கட்டியாயிற்று. சுடிதார்களுக்குக் கீழே குனிந்துதான் நடமாட்டம்.

பதினொரு மணிக்குக் காய்கறி வாங்கச் செம்மேடு பஸ் ஸ்டாண்டு. மலையில் அங்கேதான் சிக்னல் வந்தது, அதோடு பல்கலைக்கழகத்தின் கடிதமும், போனில். நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டு முதுகலை. உலக வரலாறும் ஆங்கில மொழி வளர்ந்த வரலாறும் சேர்ந்த படிப்பு. வடக்கே, ரயிலில் இரண்டு நாள் தூரம். நேர்காணல் போன் வழியாகவே, இருபது நிமிடம்.

மூன்று தேதி கொடுத்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஜூலை 31, ஆகஸ்ட் 1, ஆகஸ்ட் 3. யோசிக்காமல் மூன்றாம் தேதி. ஆடிப் பதினெட்டு, மாவட்டத்துக்கே விடுமுறை. லீவு எழுத வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். கண்காணிப்பாளருக்குத் தெரிந்தால் ஆபீஸுக்குத் தெரியும். ஆபீஸுக்குத் தெரிந்தால் மலைக்கே தெரியும். கிடைக்காமல் போனால் அதுவும் தெரியும்.

சந்தோஷம் கால் மணி நேரம் இருந்தது. பிறகு கடைசி வரியைப் படித்தேன். விண்ணப்பத்தில் நான் கொடுத்த ஆதாரப் பட்டியலை ஒட்டித்தான் கேள்விகள் இருக்குமாம்.

பட்டியலில் பதினொன்று. பதினோராவது புத்தகத்தை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

வெங்காயம் வாங்க மறந்து வந்துவிட்டேன்.

ஜூலை 24, திங்கள்

ஆபீஸ். மனுப் பதிவேடு. மதியத்துக்குப் புளிச்சோறு.

இங்கே எழுதி வைக்கிறேன், மனதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. விண்ணப்பத்தில் கேட்டது: இந்தத் துறையை இதுவரை எவற்றைக் கொண்டு படித்தீர்கள், ஒவ்வொன்றிலும் என்ன கிடைத்தது. நான் கொடுத்தது:

பள்ளி சமூக அறிவியல் புத்தகம், மூன்று காலத்துப் பதிப்பு, மூன்றும் சேர்ந்து ஒன்று. (சித்தப்பாவுடையது, அண்ணனுடையது, என்னுடையது. ஒரே போர், மூன்று விதமாக.)

உலக வரலாறு, தமிழில், கல்லூரி மாணவர்க்கு. அட்டை இல்லை, எழுதியவர் பெயரும் அதோடு போய்விட்டது.

ஆங்கில அகராதி, ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது என்பதோடு. எஸ் வரைக்கும்தான் பக்கம். அடுத்த எழுத்தான டி-யில் தொடங்கும் எந்தச் சொல்லுக்கும் எனக்குப் பூர்வீகம் தெரியாது.

தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. படித்தபோது வந்த பாடக் கட்டுகள், நான்கு, தனித்தனியாக எண்ணியது.

இணையத்தில் ஒரு பேராசிரியரின் வகுப்புகள், இருபத்தாறு. படம் ஓடாது, குரல் மட்டும் இறக்கிக் கேட்டது. அவர் முகம் தெரியாது.

ஒரு தேசப் படத் தொகுப்பு. ராசிபுரம் பழைய புத்தகக் கடை.

பத்தாவது, நானே போட்ட காலப் பட்டியல்.

பத்தையும் எழுதிவிட்டுப் பார்த்தேன். பழைய பேப்பர்க்காரன் மூட்டையை அவிழ்த்ததுபோல இருந்தது. நான் படித்த எல்லாவற்றின் அடிக்குறிப்பிலும் ஒரு புத்தகத்தின் பெயர் வந்துகொண்டே இருக்கும். ஆங்கில மொழியின் வரலாறு, இரண்டு பாகம். அதைப் பதினோராவதாகச் சேர்த்தேன். பக்கத்தில் ஒரு வரி: ‘ஒரு மொழியின் வரலாற்றை எப்படி அணுகுவது என்ற முறையை இதில்தான் கற்றேன்.’

பட்டியலிலேயே அழகான வரி அதுதான்.

ஜூலை 25, செவ்வாய்

இன்னும் ஒன்பது நாள். படித்துவிட்டால் பொய் பொய்யில்லாமல் போய்விடும். காலையில் பல் தேய்க்கும்போது தோன்றிய யோசனை, நாள் முழுக்க விடவில்லை.

நாமக்கல் நூலகத்துக்குப் போன். எடுத்தவர் பொறுமையாகத் தேடினார். “அப்பிடியொரு புக்கு இல்லீங்க. இங்கிலீசு பேசக் கத்துக்கற புக்கு நாலஞ்சு வந்திருக்குதுங்க. எடுத்து வெக்கட்டுங்களா?”

ஒரு பெரிய நூலகத்தின் தளத்தில் பழைய பதிப்பு இருக்கிறது. யாரும் இறக்கிக்கொள்ளலாம். பஸ் ஸ்டாண்டில் நாற்பது நிமிடம் நின்றேன். நூற்றுக்கு முப்பத்தெட்டு வந்து நின்றது. மழை பலத்தது, பூஜ்யத்துக்குப் போனது.

ஜெசி அக்காவிடம் சொல்ல வேண்டியதாயிற்று. (இனி ஜெ.) ஒரே வாடகை வீட்டில் இரண்டு வருடம். கிராம சுகாதார நர்ஸ், சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். ஈரத் தலையைத் துவட்டியபடி எல்லாவற்றையும் கேட்டாள்.

“கவர்மெண்டு சோலி கையில கெடக்கு. நீ எதுக்குட்டி இங்கிலீசுக்காரன் எப்பம் பேச ஆரம்பிச்சான்னு அலையுக?”

அங்கேயும் இங்கேயும் நடந்தேன்.

“நடக்காத. தலைய சுத்துகு. போன இங்க வை.”

ஜூலை 27, வியாழன்

ஜெ.யின் பதிவேட்டைப் பற்றி எழுத வேண்டும். எத்தனை குழந்தைக்கு ஊசி போட்டாள் என்பதை அன்றன்றைக்கே போனில் ஏற்ற வேண்டும். மலையில் சிக்னல் இல்லை என்றால் மேலிடத்தில் நம்பமாட்டார்கள். அதனால் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். எந்த ஊரில், எந்த இடத்தில் நின்றால், எத்தனை கோடு. ‘பள்ளிக்கூடம் பின்னாடி தொட்டி மேல், 2.’ ‘மாரியம்மன் கோயில் தெற்கு மூல, 1, காத்தடிச்சா இல்ல.’ ‘காளியம்மா ஊட்டுப் பலாமரம், 3.’ அவள் எழுத்தில் ஊரும் அவள் பேச்சும் கலந்து கிடக்கிறது.

அவளே என் போனையும் எடுத்துப் போனாள். ஊசி போடும் இடங்களில் எல்லாம் மரத்திலும் தொட்டியிலும் வைத்து, சாயந்திரம் கொண்டுவந்தாள்.

“ஒண்ணாம் பாகம் எறங்கல. ரெண்டாம் பாகம் எறங்கிட்டு. பின்னாலேர்ந்து படி.”

அறுநூற்றுச் சொச்சம் பக்கம். முதல் பாகத்தைப் படித்தவருக்காக எழுதியது. ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து பக்கம் போகிறது. கணக்குப் போட்டேன், மூடி வைத்தேன், மறுபடி போட்டேன். முடியாது.

ஜூலை 30, ஞாயிறு

வீட்டுக்குப் போய் வந்தேன், காளப்பநாயக்கன்பட்டிக்கு. போகும்போது வெயில், ஏறும்போது மூட்டம்.

பத்தாவது ஆதாரம் பிறந்ததே இந்தப் பஸ்ஸில்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி. கண்ணை மூடாமல் வளைவின் எண்ணைப் படித்துக்கொண்டு வந்தால் அடங்கும் என்று கண்டக்டர் சொன்னார். வெறும் எண்ணைப் படிக்க அலுத்துப்போய், ஒரு வளைவுக்கு எழுபத்தைந்து ஆண்டு என்று வைத்தேன். அடிவாரத்து முதல் வளைவில் களிமண் பலகையில் எழுத்து. எழுபதாவதில் இன்று. நாற்பத்தொன்பதில்தான் ஆங்கிலம் என்று பின்னால் பெயர் வாங்கப்போகிற பேச்சு படகில் ஒரு தீவில் வந்து இறங்குகிறது. அதற்குள் மூன்றில் இரண்டு மலை ஏறியாயிற்று! ஐம்பத்தாறு தாண்டினால் சோழர் கப்பல் கிழக்கே போகிறது. அடுத்த வளைவு திரும்பினால் பிரெஞ்சு பேசும் படை அந்தத் தீவில். அறுபத்திரண்டு தாண்டி அங்கே அச்சு இயந்திரம். இப்போதெல்லாம் வாந்தி இல்லை. இறங்கும்போது மட்டும் குழப்பம். காலம் பின்னால் போகிறது, வயிறு முன்னால் வருகிறது.

அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, “ஆடிப் பதினெட்டுக்கு வந்துரு கண்ணு. உங்க அத்தையெல்லாம் வாராங்க. பாயசம் வெக்கறேன்.”

“மல மேல விழாவுக்கு ஆபீஸ்ல டூட்டி போட்டுட்டாங்கம்மா.”

“பொம்பளப் புள்ளைங்களுக்குமா?”

“ஆமா.”

எவ்வளவு சுலபமாக வருகிறது. பதினோராவதற்கு அடுத்துப் பன்னிரண்டாவது.

ரெண்டாம் பாகம், பக்கம் 64.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

மூட்டம். ஆபீஸுக்குள்ளேயே புகை மாதிரி.

வேலை ஓடவில்லை. மேசையில் இருந்தவற்றை அகராதியில் தேடிய குறிப்பைப் பார்த்தேன். ஃபைல், ரிசீட், பெட்டிஷன், பென்ஷன், பேப்பர், இங்க், ஆபீஸ் என்ற சொல்லே. எல்லாம் பிரெஞ்சும் லத்தீனும். ஐம்பத்தேழுக்கு மேல் ஏறியவை அதிகம். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் ரெயின், ஸ்டோன், ஹில், கவ், மிஸ்ட். எல்லாம் நாற்பத்தொன்பதிலேயே படகில் வந்தவை. ஆள வந்தவர் சொல் மேசை மேல், இருந்தவர் சொல் ஜன்னலுக்கு வெளியே. இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அதனாலேயே சரியா என்று சந்தேகம்.

கண்காணிப்பாளர் சார் வந்து நின்றார். “என்னம்மா, நாளன்னிக்கு ஊருக்கா?”

“ஆமாங்க சார்.” (பதின்மூன்று.)

“தப்பிச்சீங்க. இங்கிருந்தா பைத்தியம் புடிக்கும். கோயிலுக்கும் அருவிக்கும் கூட்டம் வந்து எறங்கிச்சுன்னா ஒரு போன் போகாது. போன வருசம் என்ற சம்சாரத்துக்கு சாப்புட்டியான்னு கேக்கறதுக்கு பாதி மல எறங்கிப் போனேன். அதுக்கு அவ, இதக் கேக்கவா கூப்புட்டீங்கங்கறா.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் கடிதத்தை எடுத்துத் தேதியை மறுபடி பார்த்தேன்.

மலையடிவாரத்தில் பிறந்தவள். ஒவ்வோர் ஆடிப் பதினெட்டுக்கும் வாசலில் நின்று மேலே போகிற வண்டிகளை வேடிக்கை பார்த்தவள். அத்தனை வண்டியும் அத்தனை போனும் மேலே போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. வேலைக்கு வந்த பிறகும் விழாவுக்கு வீட்டில்தான் இருந்தேன். லீவு கேட்கக்கூடாது என்பதற்காக, வருடத்தில் எந்த நாள் ஆகாதோ அந்த நாளைப் பிடித்திருக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போய், தேதி மாற்றக் கேட்டு எழுதினேன். பதில் ஐந்து நிமிடத்தில், இயந்திரப் பதில். மாற்ற இயலாது.

கீழே போய்விடலாம்தான். காளப்பநாயக்கன்பட்டியில் என்னைத் தெரியாத கண் ஏது? சேந்தமங்கலத்தில் நின்றாலும் அத்தைக்குத் தெரியும். டூட்டி என்று சொன்னவள் ரோட்டில் நின்று போனில் இங்கிலீஷ் பேசினால்?

ஆகஸ்ட் 2, புதன்

இன்றைக்கே கார்கள். திருச்சி, சேலம், ஈரோடு எண்கள். போனில் கோடு நிறையக் காட்டுகிறது, ஒன்றும் போகவில்லை.

ஜெ. பதிவேட்டைப் புரட்டி விரலை வைத்தாள். “திண்ணனூர் நாட்டுப் பக்கம். காளியம்மா வீட்டுப் பலாமரம். அந்த டவரு வேற, கூட்டம் அங்க வராது. நாள காலம்பற எட்டரைக்கு ஸ்கூட்டர்ல ஏறு. சேல கட்டாத, வழுக்கும்.”

“லீவு நாள் உனக்கு, அக்கா.”

“சும்ம கெட.”

பக்கம் 110. ஓர் அட்டையில் மூன்று வாக்கியம் எழுதிக்கொண்டேன். அவர்கள் பதினோராவதைக் கேட்டால் சொல்ல. ரெண்டாம் பாகத்தின் முன்னுரையிலிருந்து, என் வார்த்தையில் மாற்றி. கேட்பவருக்கு முழுதும் படித்தவள் என்றே தோன்றும். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வருகிறது. அதனால்தான் சாப்பிட முடியவில்லை.

ஆகஸ்ட் 3, வியாழன், ஆடி 18

இப்போது சாயந்திரம் ஐந்தரை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கடைசித் துண்டு ஒற்றையடிப் பாதை, நடை. மிளகுக்கொடி ஏறின பெரிய பலாமரம், அதற்குக் கீழே வீடு. காளியம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஜெ.யைப் பார்த்ததும், “ஏனுங்க நர்சம்மா, ஆடி நோம்பியன்னிக்குமா ஊசி?” என்றார். ஊசி இல்லை, போன் பேச வந்தோம் என்றதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து, ஒரு காலுக்குக் கல் வைத்துச் சமன் செய்து கொடுத்தார்.

பத்தரைக்கு வீடியோ அழைப்பு. மூன்று பேர், இரண்டு ஆண், ஒரு பெண். எல்லாம் ஆங்கிலத்தில். ஏன் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்றார்கள். மேசையையும் ஜன்னலையும் சொன்னேன். அந்த அம்மா ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்த நிமிடம் படம் உறைந்தது. குரல் போதும் என்றார்கள்.

பிறகு கண்ணாடி போட்டவர்: “பதினோராவதில் முறையைக் கற்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முறையில் உங்களுக்கு உடன்பாடு இல்லாத இடம் எது?”

அட்டை கையில் இருந்தது. எழுத்து தெளிவாக இருந்தது. வாசித்தால் போதும். இதையெல்லாம் நினைக்க நேரம் இருந்தது என்பதுதான் ஆச்சரியம்.

“நான் அதைப் படிக்கவில்லை” என்றேன்.

“மன்னியுங்கள், உங்கள் குரல் வரவில்லை.”

என் வாழ்க்கையில் இப்படி ஒரு சலுகை யாரும் தந்ததில்லை. சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அட்டை இன்னும் கையில்.

“படிக்கவில்லை.”

“இல்லை என்பது மட்டும் கேட்டது. என்ன இல்லை?”

எழுந்து நாற்காலி மேல் ஏறினேன். ஜெ. முதுகுப் பக்கம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். தொண்டை முழுக்கத் திறந்து கத்தினேன். அந்தப் புத்தகத்தை நான் படிக்கவில்லை, பட்டியல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று பொய்யாகச் சேர்த்தேன், போன வாரம்தான் ரெண்டாம் பாகத்தில் நூற்றுப் பத்துப் பக்கம் படித்தேன். எதிர்ச் சரிவில் களை எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

காளியம்மா மெதுவாக, “இந்தப் புள்ள யாரோடங்க சண்ட போடுது?”

ஜெ.: “சண்ட இல்ல. பரிட்ச.”

“என்னத்துக்கு இப்பிடிக் கத்துது?”

“புக்கு படிக்கலன்னு சொல்லுகா.”

“படிக்காததுக்குப் போன் போட்டா சொல்லுவாங்க?”

லைன் போயிற்றோ என்று பார்த்தேன். இருந்தது. பிறகு போனில் அந்த அம்மாவின் குரல். “மற்ற பத்தும்?”

“படித்தேன். சிலவற்றை நாலைந்து தடவை.”

“அப்படியானால் அந்த மூன்று பள்ளிப் புத்தகங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.”

சொன்னேன். எந்தப் பதிப்பில் எந்தப் போர் எத்தனை பக்கம், எதில் தோற்றவர்களுக்குப் பெயர் இருக்கிறது, எதில் வெறும் ‘எதிரிகள்’. நாற்காலியிலிருந்து இறங்காமலே சொன்னேன். நடுவில் அவர்கள் பேசியது பாதி வந்தது. ஒரு வாக்கியத்தின் மத்தியில் லைன் நிஜமாகவே போய்விட்டது. திரும்ப வரவில்லை.

காளியம்மா வரக்காப்பி கொடுத்தார். “பாஸுங்களா?”

“தெரியலீங்க.”

“இன்னொருக்கா கத்திக் கேட்டுப் பாக்கறதுதானுங்க?”

ஜெ. சிரித்ததில் காப்பி சிந்தியது.

வரும் வழியில், அந்த டவரைத் தாண்டுவதற்குள், அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். டூட்டி இல்லை, பலாமரத்தடியில் நேர்காணல், பொய் சொன்னேன் என்று. அந்தப் பக்கம் பாத்திரத்தை இறக்கி வைக்கும் சத்தம்.

“மரத்தடியில நிக்கறதுக்கு, நம்ம ஊட்டு மொட்ட மாடில நின்னுருக்கலாமல்ல?”

“அத்தையெல்லாம் இருப்பாங்கன்னு...”

“இருந்தா? அவங்க பாயசம் குடிச்சிட்டுப் போறாங்க.” பிறகு, “ரொம்பத் தூரமா கண்ணு?”

ஆகஸ்ட் 4, வெள்ளி

மழை விட்டது. துணி காய்ந்தது. செம்மேடு முழுக்கப் பேப்பர்த் தட்டு.

தொண்டை கட்டிவிட்டது. ஊருக்குப் போய்ச் சத்தம் போட்டாயா என்று ஆபீஸில் கேட்டார்கள்.

மாலை நாலு மணிக்குக் கடிதம். மூன்று முறை படித்தேன். ஏற்றுக்கொண்டதாகவும் இல்லை, மறுத்ததாகவும் இல்லை. திருத்திய பட்டியல் அனுப்ப வேண்டும், கையெழுத்துடன். நான் அரசு ஊழியர் என்பதால் ஆபீஸிலிருந்து தடையில்லாச் சான்றும் வேண்டும். இரண்டும் செவ்வாய்க்குள் வந்தால்தான் என் பெயரைப் பரிசீலனைக்கு எடுப்பார்கள். முடிவு இருபதாம் தேதிக்கு மேல்.

அதாவது, கிடைக்குமா என்று தெரிவதற்கு முன்பே ஆபீஸில் சொல்ல வேண்டும்.

பட்டியலைத் திருத்தினேன். பத்து. பதினோராவது இடத்தில்: ‘ரெண்டாம் பாகம் மட்டும், 110 பக்கம், படித்துக்கொண்டிருக்கிறேன்.’ அசிங்கமான வரி. அப்படியே விட்டேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

எதுவும் ஓடவில்லை. வீட்டைக் கூட்டினேன், மறுபடி கூட்டினேன். ஜெ. சர்ச்சுக்குப் போனாள். சான்று கேட்கும் கடிதத்தை நான்கு முறை எழுதினேன். முதலில் இரண்டு பக்கம், காரணங்களோடு. கடைசியில் ஆறு வரி.

கிடைக்காவிட்டால்? ‘படிக்கப் போறேன்னு எழுதிக் குடுத்தாங்களே, அந்தம்மாவா?’ என்று ஓய்வு பெறும் வரை.

பக்கம் 131.

ஆகஸ்ட் 7, திங்கள்

நல்ல வெயில். பத்தே காலுக்குக் கண்காணிப்பாளர் மேசை முன்னால்.

படித்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கி, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“சீட்டு கெடைச்சிருச்சுங்களா?”

“இல்லீங்க சார். இன்னும் தெரியாது.”

“தெரியாமயேவா எழுதிக் குடுக்கறீங்க?”

“ஆமாங்க சார்.”

“மூணாந்தேதி ஊருக்குன்னீங்க?”

“போகலீங்க. பொய் சொன்னேன். இதுக்காகத்தான் இருந்தேன்.”

தட்டச்சு நின்றுவிட்டது. அவர் கடிதத்தின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை.

“கெடைச்சா எத்தன நாளைக்குங்க லீவு?”

“ரெண்டு வருசங்க சார்.”

“நாள் கேட்டா வருசம் சொல்றீங்க.” சட்டைப் பையைத் தடவினார், மேசை இழுப்பறையைத் திறந்தார், மூடினார். என் பேனாவை நீட்டினேன்.